வனத்துறை வந்து உங்கள் தாழ்வாரத்தைக் கூட்டாது

நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். நேரம் கிடைக்கும்போது படியுங்கள், ஆனால் ஜனவரி முடிவதற்குள் படித்துவிடுங்கள். பிப்ரவரி பாதியில் புல் காய்ந்துவிடும். அதற்கப்புறம் யாரும் படிக்க மாட்டோம். மலையில் எழும் புகையைப் படம் எடுத்து, "ஐயோ பாவம் காடு" என்று போட்டுக்கொண்டிருப்போம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு, பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பள்ளிகளில் 34 வருடம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகும் மலையிலேயே தங்கிவிட்டேன். அதனால் நான் சொல்லப்போவது ஐந்தாம் வகுப்பு அறிவியலைத் தாண்டாது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் புரியாமல் இருப்பதும் அந்த ஐந்தாம் வகுப்பு அறிவியல்தான்.

விஷயம் இதுதான். மலையோரத்தில் ஒரு வீடு காட்டுத் தீயில் எரிந்தால், பெரும்பாலும் அதை எரித்தது காடு அல்ல. வீட்டைச் சுற்றி நாமே சேர்த்து வைத்த சருகும் விறகும் ஓலையும்தான். அதை அகற்ற வேண்டியவர்கள் நாம். வனத்துறை அல்ல, தீயணைப்புத் துறை அல்ல, ஹெலிகாப்டரும் அல்ல.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். எங்கள் ஊருக்கு மேலே புல்மேட்டில் தீ. இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் காற்று திரும்பி, தீ ஊர்ப்பக்கம் இறங்கியது. ஊரே மேட்டுக்கு ஓடியது. ஆண்கள், பெண்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், எல்லோரும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தார்கள். வண்டிப் பாதை வரை வந்த தீ அங்கேயே நின்றுவிட்டது. பாதைக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே இருநூறு அடிக்குக் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள். அதற்குள் தீ வரவே இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தோம். யாரோ டீ போட்டுக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கீழே ஒரு வீட்டிலிருந்து புகை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள் வீடு அது. கணவர் இல்லை. தோட்டக் கூலி. ஓட்டு வீடு. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு தீப்பொறி, தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த விறகுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த சருகில் விழுந்து, மணிக்கணக்கில் கனன்றிருக்கிறது. பார்க்க வீட்டில் ஆள் இல்லை. ஏனென்றால் அவளும் அவள் மகளும் எங்களோடு மேட்டில் நின்று தழையால் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டைக் காப்பாற்றப் போனவள் வீடு எரிந்தது.

சிலிண்டரை மட்டும் பையன்கள் வெளியே இழுத்துப் போட்டார்கள். தீயணைப்பு வண்டி வளைவு வளைவாக ஏறி வந்து சேர ஒன்றரை மணி நேரம். அவர்களைக் குறை சொல்லவில்லை, மலைப்பாதை அப்படி. அதற்குள் ஓடு தாங்கிய மரச்சட்டமெல்லாம் கீழே விழுந்துவிட்டது. மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாம் சாம்பல். நகல் வாங்க ஜூன் மாதம் வரை அலைந்தார்கள்.

மறுநாள் காலை அந்த இடத்தில் போய் நின்றேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடியில் இருந்த சில்வர் ஓக் மரம் பச்சையாக நிற்கிறது. காப்பிச் செடியில் ஓர் இலை கருகவில்லை. வீடு மட்டும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விறகைத் தாழ்வாரத்தில், சுவரோரம் அடுக்கச் சொன்னது நான்தான். முந்தைய ஐப்பசி மழையில் அவள் விறகெல்லாம் நனைந்து, அடுப்புப் பற்றாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "இப்படியா வெளியில போடுவே? தாழ்வாரத்துல அடுக்கும்மா, நனையாது" என்றேன். டீச்சர் சொன்னால் கேட்கும் பெண். அடுக்கினாள்.

அதனால்தான் இந்தப் பதிவில் ஊருக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி குறைவு என்று எனக்கே தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய தப்பு.

தீ எரிய மூன்று வேண்டும். எரிபொருள், காற்று, வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை. இதை வருடா வருடம் கரும்பலகையில் முக்கோணம் போட்டு நடத்தியிருக்கிறேன். மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். மலையில் காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. பறந்து வரும் பொறியை நிறுத்தவும் ஆகாது; காற்றடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் பறந்து வரும். நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தப் பொறி விழும் இடத்தில் எரிபொருள் இருக்கிறதா இல்லையா என்பது.

"பெரிய தீ வந்தால் வீடு தாங்குமா டீச்சர்?" என்று கேட்பார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன், 1990களின் கடைசியில் கனடாவின் வடக்கே ஒரு காட்டை எரித்து நடத்திய சோதனையில், காட்டோரமாக மரச் சுவர்களை நிறுத்தி வைத்துப் பார்த்தார். மரத்தின் உச்சிவரை கொழுந்துவிட்டு எரியும் தீ. 10 மீட்டரில் இருந்த சுவர் சில தடவை பற்றியது, சில தடவை பற்றவில்லை. 30 மீட்டரில் இருந்த சுவர் பற்றவே இல்லை. கவனியுங்கள், அது மரச் சுவர். நம் ஊர்ச் செங்கல் சுவரோ, கல் சுவரோ அல்ல. 30 மீட்டர் என்பது ஏறத்தாழ நூறு அடி. அதற்கு அப்பால் எரியும் காடு தன் அனலால் உங்கள் வீட்டைப் பற்றவைக்காது. பற்றவைப்பது பொறி. அந்தப் பொறிக்கு மெத்தை விரித்துக் கொடுப்பது நாம்.

2018 நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போன பிள்ளைகள் புல்மேட்டுத் தீயில் சிக்கி, மொத்தம் 23 பேர் போனார்கள். அதே வருடம் நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரை ஒரு காட்டுத் தீ அழித்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கு மேல் கட்டடங்கள் போயின. அந்த ஊரின் படங்களைத் தேடிப் பாருங்கள். தெருத் தெருவாக வீடுகள் சாம்பலாகக் கிடக்கும், நடுவில் பைன் மரங்கள் பச்சையாக நிற்கும். எங்கள் ஊரில் நான் பார்த்த அதே காட்சி. பிறகு ஆராய்ந்தவர்கள், எந்த வீடு தப்பியது எது தப்பவில்லை என்பதற்குப் பெரிய காரணமாகச் சொன்னவை இரண்டு: பக்கத்தில் எரிந்த கட்டடம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது, வீட்டைச் சுற்றி மரமும் சருகும் எவ்வளவு இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை உங்கள் வீட்டையும் எரிக்கும் என்று பொருள்.

குரங்கணிக்குப் பிறகு நம் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. நல்லதுதான். பாரடைஸுக்குப் பிறகு கலிபோர்னியாவில் 2020இல் ஒரு சட்டம் போட்டார்கள். தீ அபாயப் பகுதியில் வீட்டுச் சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் பொறியில் பற்றக்கூடிய பொருள் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவரச் சொல்லும் சட்டம். நம் மலையில் மலையேறுகிறவனுக்கு விதி உண்டு. மலையில் குடியிருக்கிறவன் வீட்டைக் காப்பாற்ற ஒரு விதியும் பேச்சில்கூட இல்லை.

இனி, எனக்கு வழக்கமாக வரும் பதில்கள்.

"காட்டைப் பாத்துக்க வனத்துறை இருக்கு. சம்பளம் வாங்குறாங்கல்ல?"

வாங்குகிறார்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், காவலர் போடுகிறார்கள். போதாது என்றால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். செயற்கைக்கோள் தீயைக் கண்டுபிடித்து, இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் மூலம் கைபேசிக்குச் செய்தியும் வருகிறது. ஆனால் அந்தச் செயற்கைக்கோளில் நுட்பமாகப் பார்க்கக்கூடியதே 375 மீட்டரை ஒரு புள்ளியாகத்தான் பார்க்கும். உங்கள் தாழ்வாரத்து விறகு அதில் தெரியாது. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் தீ வந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. எல்லோரும் வீடியோ எடுத்தோம். ஹெலிகாப்டர் காட்டை நனைக்கும். கூரைமேல் போன வருடத்திலிருந்து மக்கிக் கிடக்கும் சருகைக் கூட்டாது. அதற்குத் துடைப்பம் வேண்டும்.

"எல்லாம் அந்தப் பளியர்கள் வைக்கிற தீ."

இதைச் சொல்லும் ஆட்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். பெரும்பாலும் தன் தோட்டத்துக் குப்பையைக் காற்று வீசும் மத்தியானத்தில் எரிப்பவர்கள். தீ எப்படிப் பிடிக்கிறது? அணைக்காமல் வீசிய பீடி, சுற்றுலா வந்தவர் மூட்டிவிட்டுப் போன அடுப்பு, புதுப் புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, வேலியோரக் குப்பைத் தீ. இதில் எல்லா சாதியும் உண்டு, எல்லா வருமானமும் உண்டு. நான் பார்த்தவரை, எங்கள் மேட்டில் தீ வந்தபோதெல்லாம் முன்னால் நின்று அடித்தவர்கள் பளியர்கள்தான். யார் வைத்தது என்பது போலீஸ் விசாரிக்க வேண்டிய கேள்வி. விசாரிக்கட்டும். வீடு ஏன் பிடித்தது என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வியைக் கத்திக் கேட்பதே இரண்டாவதிலிருந்து தப்பிக்கத்தான்.

"அப்படீன்னா ஊரைச் சுத்தி மரத்தை எல்லாம் வெட்டிடலாமா?"

வேண்டவே வேண்டாம். இது எனக்கு ரொம்பப் பயமான பதில், ஏனென்றால் சிலர் இதற்காகவே காத்திருக்கிறார்கள். ஈரம் தேங்கிய சோலைக்காடு சுலபத்தில் எரிவதில்லை. எரிவது காய்ந்த போதைப்புல், புதராக மண்டிய உண்ணிச்செடி, புல்வெளியில் கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ், பைன், வாட்டில். நான் சொல்வதற்கு ஒரு சோலை மரத்தைக்கூட வெட்டத் தேவையில்லை. நான் கேட்பது வீட்டைச் சுற்றி நூறு அடி. அதிலும் முக்கியம் முதல் ஐந்து அடி. காட்டை வெட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் விறகை வைத்திருப்பவன் வீடு எரியத்தான் செய்யும்.

"ஏழை என்ன செய்வான் டீச்சர்? ஓலையும் தகரமும்தானே அவனுக்குக் கிடைக்குது?"

இது நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் நான் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்கிறேன். குடிசைக்காரரிடம் போய்க் கூரையை மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அரசின் வேலை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடியில், 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடு என்று 2024இல் அறிவித்தார்கள். 2030க்குள் 8 லட்சம் வீடு. அந்தப் பட்டியலில் காட்டோரக் குடிசைக்கு முதல் இடம் கொடு என்று எந்த ஊராட்சியாவது கேட்டிருக்கிறதா? எங்கள் ஊரில் கேட்கவில்லை. அதுவரை விறகைத் தள்ளி வைப்பதற்கும் சருகைக் கூட்டுவதற்கும் பணம் வேண்டாம். வயதானவர்கள், ஆள் இல்லாதவர்கள் வீட்டுக்கு இளைஞர்கள் போய்ச் செய்து கொடுக்கலாம்.

ஆனால் ஓலை என்றதும் இன்னொரு கூட்டம் ஞாபகம் வருகிறது.

ஏழை பாடுபட்டு ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகிறான். சமவெளியிலிருந்து வரும் பணக்காரர் கான்கிரீட்டிலிருந்து ஓலைக்கு வருகிறார்! காட்டோரத்தில் இடம் வாங்கி, இயற்கையோடு இயைந்த குடில் என்று போர்டு மாட்டி, புல்லால் கூரை வேய்ந்து, மரப்பலகையில் திண்ணை போட்டு, சுற்றி சைப்ரஸ் வேலி வைத்து, ராத்திரி நடுவில் தீ மூட்டி விருந்தாளிகளை உட்காரவைத்துப் பாட்டு. மார்ச் மாதத்தில்! கீழே குடியிருப்பவர்கள் அத்தனை பேருடைய உயிரையும் வைத்து அவர் வியாபாரம் செய்கிறார். அந்தக் கூரை பற்றினால் அதிலிருந்து பறக்கும் பொறி ஆயிரம் ஆயிரமாக ஊருக்குள் விழும். விடுதிக்காரர் காரில் இறங்கிப் போய்விடுவார். நம்மிடம் கார் இல்லை.

அப்படி ஒருவரிடம் கிராம சபையிலேயே கேட்டேன். "டீச்சர், டூரிஸ்ட் அதைத்தான் விரும்புறாங்க" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

சரி, என்ன செய்வது? நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்புப் பழக்கம் போகவில்லை, மன்னிக்கவும்.

சுவரிலிருந்து 5 அடி வரை: ஒன்றும் இருக்கக் கூடாது. விறகு, சருகு, அட்டைப் பெட்டி, பழைய சாக்கு, தென்னந்துடைப்பக் கட்டு, காய்ந்த கொடி, எதுவும். மண்ணோ கல்லோ சிமெண்டோ மட்டும் தெரிய வேண்டும்.

கூரை: மாதம் ஒரு தடவை சருகு தள்ளுங்கள். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வடிய வைத்திருக்கும் தகரத்தைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த சருகு தங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. உடைந்த ஓட்டை மாற்றுங்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

காற்றுப் போக்கிகள்: மெல்லிய கம்பி வலை அடியுங்கள். கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கொசுவலை உதவாது, உருகிவிடும்.

5 அடியிலிருந்து 30 அடி வரை: காய்ந்த புல்லை அறுத்து வையுங்கள். மரம் இருக்கட்டும். ஆனால் தரையில் புதர், அதற்குமேல் தாழ்ந்த கிளை, அதற்குமேல் கூரை என்று ஏணிபோல் இருக்கக் கூடாது. தாழ்ந்த கிளையைக் கழியுங்கள். விறகும் வைக்கோலும் இந்த 30 அடிக்கு வெளியே, மேலே ஒரு தகரம் போட்டு.

அங்கிருந்து 100 அடி வரை: உண்ணிச்செடியை வேரோடு எடுங்கள். அது வனத்துறை நிலமாக இருந்தால் நீங்களே கை வைக்காமல் மனு கொடுங்கள்.

அள்ளிய சருகை எரிக்காதீர்கள்! இதைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதச் சொல்ல ஆசை. போகி அன்று எங்கள் தெருவில் வீட்டைச் சுத்தம் செய்து, அந்தக் குப்பையை வேலியோரம் போட்டு எரித்தார்கள். குழி வெட்டிப் போடுங்கள், காப்பிக்கு உரமாகும்.

கடைசியாக, சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு, மாத்திரை, எல்லாம் ஒரே பையில். தீ என்றால் கையில் எடுப்பது அந்தப் பை. 112க்கு அழையுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள். வீட்டை இப்போது, ஜனவரியில் காப்பாற்றலாம். தீ வந்த பிறகு உயிரைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இவ்வளவையும் ஒரு வீடு மட்டும் செய்தால் பாதிப் பலன். தெரு முழுக்கச் செய்தால் முழுப் பலன். அதனால் வரும் 26ஆம் தேதி, குடியரசு நாள் கிராம சபைக்கு நான் நான்கு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, பிப்ரவரி முதல் மே வரை விடுதிகளில் திறந்தவெளியில் தீ மூட்டத் தடை. இரண்டு, காட்டோரத்தில் இனி ஓலை, புல் கூரையோடு புது விடுதிக்கு ஊராட்சி இசைவு தரக் கூடாது. மூன்று, கனவு இல்லப் பட்டியலில் காட்டோரக் குடிசைக்கு முன்னுரிமை. நான்கு, வருடா வருடம் ஜனவரியில் தெருத் தெருவாகச் சருகு அகற்ற ஊரக வேலைத் திட்டத்தில் ஆள் கேட்பது. உங்கள் ஊரும் மலையோரம் என்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

போன தடவை சிரித்தவர்கள் இந்தத் தடவையும் சிரிக்கலாம். இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. வீடு எரிந்த என் மாணவியும் வருகிறாள். பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டாள். விறகை இப்போது முற்றம் தாண்டி, முப்பது அடிக்கு அப்பால் தகரம் போட்டு வைத்திருக்கிறாள். மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் எடுத்து வருகிறாள். போன கார்த்திகையில் பார்த்துவிட்டு, "கஷ்டமா இருக்கா?" என்றேன். "அன்னைக்குத் தாழ்வாரத்துல வைன்னீங்க, இப்ப தூரமா வைன்றீங்க. உங்க பேச்சைக் கேட்டா நடக்கவேண்டியதுதான் டீச்சர்" என்று சிரித்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் தப்பைத் திருத்தியவள், என் தப்பைத் திருத்த எனக்குத் தெரிந்த வழி இந்தப் பதிவுதான். மலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். திட்டிவிட்டு, எழுந்து போய்த் தாழ்வாரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.